கம்பியின் சேதாரம்

ஆடி மாதத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மைக்செட் அண்ணன் முந்தின நாள் மாலையே வந்துவிடுவார். சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, ஹேண்டில்பாரின் இரு பக்கமும் குழாய்கள், தோளில் மாலைபோல் ஒயர்ச் சுருள். தென்னை உச்சியில் குழாய் ஏறுவதைப் பார்க்கத்தான் சிறுவர்கள் நாங்கள் காத்திருப்போம். அவருடைய வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயர் முனையையும் பாதி பிளேடால் சுரண்டுவார். செம்பு புதுக்காசுபோல் மின்னும்வரை விடமாட்டார். "போன திருவிழாவுக்குத்தானே சுரண்டினீங்க?" என்று கேட்டால், "பச்சை ஏறிடும் தம்பி. பச்சை ஏறினா பேசாது" என்பார்.

கோயிலிலிருந்து மேலத்தெருக் கடைசிக்கு முந்நூறு மீட்டர் இருக்கும். அங்கே கட்டிய குழாயும் கோயில் வாசல் குழாயும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் பாடும். நடுவில் ஓடியதோ வைக்கோல் தடிமனில் ஒரு சாதாரண ஒயர். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் வரிசையாகத் திருகுகள் உண்டு. 4, 8, 16 என்று எழுதியவை முதலில், 100 வி என்று எழுதியது கடைசியில். தூரத்துக் குழாய்களை அவர் எப்போதும் அந்தக் கடைசித் திருகில்தான் மாட்டுவார். ஏன் என்றால் ஒரே பதில்: "இதுல போட்டா ஒயர் சத்தத்தைத் தின்னாது."

பல வருடம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை. முந்நூறு மீட்டர் போய் முந்நூறு மீட்டர் திரும்பினால் மொத்தம் பத்து ஓமுக்குச் சற்று மேல். 100 வாட் ஆம்ப்ளிஃபயரின் 8 ஓம் திருகில் அந்தக் குழாயை மாட்டியிருந்தால் அதற்குப் போய்ச் சேர்வது இருபது வாட்டுக்கும் குறைவு. 100 வோல்ட் திருகில், குழாயின் பக்கம் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரோடு மாட்டினால் எண்பது வாட்டுக்குமேல் சேரும். மின்னழுத்தத்தை ஏற்றினால் மின்னோட்டம் குறையும், மின்னோட்டம் குறைந்தால் கம்பி எடுத்துக்கொள்வதும் குறையும். வயல்வெளியைத் தாண்டிச் செல்லும் உயரழுத்தக் கோபுரங்கள் நிற்பதும் இதே கணக்கின் மேல்தான். மைக்செட் அண்ணனுக்கு ஓமின் விதி தெரியாது. ஆனால் கம்பியின் இயல்பை அவர் ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிட்டார். கம்பி தின்னும். கொடுக்காது.

*

திருவான்மியூரில் எனக்கொரு நண்பர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மார்கழி முழுக்க சபா சபாவாக ஏறி இறங்குவார். மீதிப் பதினொரு மாதமும் கடற்காற்று வீசும் தன் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலையில் போன் வந்தது. "உடனே வாங்க. எதுவும் கேட்காதீங்க, வந்து கேளுங்க."

போனேன். சி.டி. பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு மீட்டர் நீளத்தில் புது ஒயர். பாம்புச் சட்டைபோல் பின்னிய உறை, தங்க முலாம் பூசிய முனைகள், உறையின் மேல் திசை காட்டும் அம்புக்குறி. விலையைத் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் வாங்கிய முதல் ஸ்கூட்டரின் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல்.

வழக்கமாக அவர் போடும் சி.டி.யையே போட்டார். அந்த வீட்டில் அந்தப் பாடகி எப்போதும் சற்று வலப்பக்கம் ஒதுங்கியேதான் பாடுவார். அன்று நடுவே வந்து உட்கார்ந்திருந்தார். தம்புரா இருபுறமும் விரிந்து கேட்டது. வயலினின் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல்கூட விளங்கியது. நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறியிருக்கிறது சார்" என்றேன். மரியாதைக்காகச் சொல்லவில்லை. எனக்கும் கேட்டது.

வீடு திரும்பும் பேருந்தில்தான் உறுத்தல் தொடங்கியது. கம்பி தின்னும், கொடுக்காது என்றால் இன்று கூடுதலாகக் கிடைத்ததை யார் கொடுத்தது?

*

கம்பிக்கு மூன்று குணங்கள். ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அருகருகே ஓடும்போது நடுவில் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது மின்தேக்கம். ஓட்டம் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தோடு முரண்டு பிடிப்பது மின்தூண்டல். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முழக்கணக்கில் கிடைக்கும் ஒயரானாலும், வெல்வெட் பெட்டியில் வரும் ஒயரானாலும் இவை மூன்றும் உண்டு. வெளி இரைச்சலைத் தடுக்கும் மேலுறையைத் தவிர, நம் காதுக்கு எட்டும் அதிர்வெண்களில் கணக்கில் கொள்ள வேறொன்றும் இல்லை.

நண்பரின் ஒயரையே எடுத்துக்கொள்வோம். இந்த வகை ஒயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். பிளேயரின் வெளியீட்டு மின்தடையைத் தாராளமாக ஆயிரம் ஓம் என்றே வைப்போம். அப்போதும் இந்த இணை ஒலியின் மேல்முனையை மங்கச் செய்யத் தொடங்குவது வினாடிக்குப் பதினாறு லட்சம் அதிர்வுகளுக்குப் பக்கத்தில். இளம் காதுக்கு எட்டுவது இருபதாயிரம். என் வயதில் பன்னிரண்டாயிரம் கேட்டாலே பெரிது. மின்தடை இன்னும் அற்பம். ஆம்ப்ளிஃபயரின் உள்வாயில் பெரும்பாலும் பத்தாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும். அதற்கு எதிரே ஒயரின் பத்தில் ஒரு ஓம் லட்சத்தில் ஒரு பங்கு.

ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் மின்தூண்டலைப் பற்றிப் பேசுவார்கள். ஐந்து மீட்டர் ஒயரில் மூன்று மைக்ரோஹென்றி அளவுக்கு இருக்கலாம். கேட்கும் எல்லையின் உச்சியில், 20,000 ஹெர்ட்ஸில், அது 8 ஓம் ஸ்பீக்கரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம். வெள்ளிக் கம்பி என்பார்கள். வெள்ளி செம்பைவிட நன்றாகக் கடத்துவது உண்மை, ஆறு சதவீதம் அளவுக்கு. செம்பை அந்த அளவு தடித்ததாக எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். மேல்சுதியில் மின்னோட்டம் கம்பியின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும் என்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் 20,000 ஹெர்ட்ஸிலும் அது செம்புக்குள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம்வரை பரவியிருக்கும். ஸ்பீக்கர் ஒயரின் ஆரமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அம்புக்குறியைப் பற்றி என்ன சொல்ல? ஒலிக்குறிகை வினாடிக்குப் பல்லாயிரம் முறை போய்த் திரும்பும் ஓட்டம். அம்பைப் பார்த்துத் திரும்பாமல் நின்றால் பாட்டே நின்றுவிடும்.

நகைக்கடையில் பில் போடும்போது தங்கத்தின் விலைக்கு மேல் இரண்டு வரிகள் வரும்: செய்கூலி, சேதாரம். கம்பியிடம் தங்கம் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் கொடுத்ததை ஸ்பீக்கரிடம் சேர்ப்பதுதான் அதன் வேலை, வழியில் ஆகும் சேதாரம்தான் அதன் ஒரே கணக்கு. சேதாரம் ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும்போது இன்னும் எவ்வளவு செய்கூலி கொடுத்தாலும் மிச்சப்படுத்த அந்த ஒன்றுதான் இருக்கிறது.

*

கம்பி குறிகையைச் சிதைக்கும் என்ற பயம் ஆதாரமில்லாத பயமில்லை. அதற்கு ஒரு கடலின் வரலாறு உண்டு. 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக்கின் அடியில் சுமார் 3,000 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். விக்டோரியா அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய வாழ்த்தில் 98 சொற்கள். அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் உடனே கடைமடைக்கு வந்துவிடாது. வழியில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால்கள் எல்லாம் முதலில் குடிக்கும். குடித்து நிறைந்த பிறகுதான் கடைசி வயலுக்கு ஈரம் தெரியும். கடலடிக் கம்பியும் அப்படித்தான். செம்பு உள்ளே, கடல்நீர் வெளியே, நடுவில் மலாய்க் காட்டு மரங்களின் பாலிலிருந்து செய்த குட்டா பெர்ச்சா உறை. இந்த அமைப்பே ஒரு நீண்ட மின்தேக்கி. ஒரு முனையில் தட்டிய புள்ளி மறுமுனையில் மெல்லப் பெருகி மெல்ல வடியும் அலையாகத்தான் எழும். அடுத்த புள்ளியை உடனே தட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். இந்தத் தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று வில்லியம் தாம்சன் சில ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டிருந்தார். கம்பெனியின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ் மருத்துவராகத் தொடங்கியவர். அவருக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. வலுவாகத் தள்ளினால் போய்ச் சேர்ந்துவிடும் என்று சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். சில வாரங்களில் கம்பி செத்தது. தாம்சன் தள்ளும் பலத்தைக் கூட்டவில்லை. மறுமுனையில் ஒரு துளி மின்னோட்டத்துக்கும் அசையும் கண்ணாடிக் கால்வனாமீட்டரை வைத்தார். 1866இல் நிலைத்து நின்ற அட்லாண்டிக் கம்பி அவர் வழியில் போனது. 1871இல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி ஓடத் தொடங்கியது.

கம்பியைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி இந்தக் கடல்களில் பிறந்தது. அதே அறிவுதான் நம் கூடத்தைப் பற்றியும் பேசுகிறது. 3,000 கிலோமீட்டரும் ஐந்து மீட்டரும் ஒன்றுக்கு ஆறு லட்சம் மடங்கு. தாமதம் வர்க்கத்தில் வளரும் என்றால் வர்க்கத்தில்தான் தேயும். அட்லாண்டிக்கில் இருந்த சிதைவில் முப்பத்தாறாயிரம் கோடியில் ஒரு பங்குதான் அதே கம்பியின் ஐந்து மீட்டர்த் துண்டில் மிஞ்சும். ஒயர் விற்பவர் சொல்லும் சொற்கள் எல்லாம் அசலானவை. எண்களை மட்டும் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

*

இதைக் கேட்டு, எந்த ஒயரும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அதுவும் சோம்பல்தான். வீட்டுக்குள் கம்பி உண்மையாகவே பேசும் இடங்கள் எனக்குத் தெரிந்து மூன்று.

முதலாவது, ஸ்பீக்கருக்குப் போகும் மெல்லிய ஒயர். மலிவான பெட்டிகளோடு நூல்போல் ஒரு ஒயர் வரும், 0.2 சதுர மில்லிமீட்டர் இருக்கும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு அதன் மின்தடை, போக வர, 0.8 ஓமைத் தாண்டும். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது ஒரே எண்ணில் நிற்பதில்லை. சுதிக்குச் சுதி மாறி ஓரிடத்தில் நான்காக இறங்கும், இன்னோரிடத்தில் முப்பதாக ஏறும். நான்காக இருக்கும் இடத்தில் ஒயர் மின்னழுத்தத்தில் 17 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், முப்பதாக இருக்கும் இடத்தில் 3 சதவீதத்தைக்கூட எடுக்காது. எல்லாச் சுதிக்கும் ஒரே அளவு சேதாரம் என்றால் வால்யூமைத் திருகிச் சரி செய்துவிடலாம். இது சுதிக்கொரு விகிதத்தில் கழிப்பதால் குரலின் நிறமே மாறும். மருந்து எளிது. வீட்டுச் சுவருக்குள் பவர் பிளக்குக்கு ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். இழப்பு நூற்றில் இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, இசைத்தட்டு. காந்தம் அசையும் வகை காட்ரிட்ஜுக்குள் மயிரிழைக் கம்பியால் சுற்றிய சுருள் இருக்கிறது. அரை ஹென்றி அளவுக்கு மின்தூண்டல் உள்ளது. அதனோடு 200 பிக்கோஃபாரட் சேர்ந்தால் இரண்டும் ஒத்ததிரும் இடம் 16,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். ஒயரை நீட்டி 400 ஆக்கினால் அது 11,000க்குச் சற்று மேலே இறங்கிவிடும். ஜாலராவின் கிணுகிணுப்பு வாழும் இடம் அது. அங்கே ஒரு மேடு எழும், அதைத் தாண்டிப் பள்ளம். காட்ரிட்ஜோடு வரும் கையேடுகளே இத்தனை பிக்கோஃபாரட் என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. இங்கே தேவைப்படுவதும் நீளம் குறைந்த, தேக்கம் குறைந்த ஒயர்தான். விலை கூடிய ஒயர் என்று எந்தக் கையேடும் கேட்பதில்லை.

மூன்றாவதை என் வீட்டிலேயே அனுபவித்தேன். ஒரு வருடம் முழுக்க ஸ்பீக்கரிலிருந்து 'உம்ம்' என்றொரு முனகல். இரண்டு முறை ஒயர் மாற்றினேன். கடைசியில் டி.வி. பெட்டிக்கு வரும் தெருக் கேபிளைக் கழற்றியதும் முனகல் அறுந்தது. தெருக் கேபிளின் உறை எங்கோ ஒரு கம்பத்தில் தரையைத் தொடுகிறது, என் ஆம்ப்ளிஃபயர் வீட்டுச் சுவர்வழியே வேறிடத்தில் தரையைத் தொடுகிறது. இரண்டு தரைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம் ஒயரின் மேலுறை வழியே 50 ஹெர்ட்ஸில் ஓடியது. உறையின் சின்ன மின்தடையில் அது உண்டாக்கிய மின்னழுத்தம் பாட்டோடு சேர்ந்துகொண்டது. மூன்று பின் பிளக்கில் மூன்றாவது பின் பெயருக்கு மட்டும் இருக்கும் வீடுகள் நிறைந்த ஊரில், இசைக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம் எர்த் கம்பியைச் சோதிப்பது.

*

நண்பருக்குச் சங்கீத ஞானம் உண்டு. இந்த விஷயத்தில் அது அவரைக் காப்பாற்றவில்லை என்பதைவிட, அதுதான் அவரை இழுத்துக்கொண்டு போனது என்று சொல்லலாம். நாகஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்தவர் அவர். காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தத் துண்டில் நூலிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் வாத்தியம் வேறாகிவிடும். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பஞ்சு நூலை வைத்துத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் அது நின்றதும் வெறும் தந்தி பிரபஞ்சமாக விரியும். அற்பமான பொருளில் பெரிய நாதம் ஒளிந்திருப்பதை வாழ்நாளெல்லாம் கேட்டவருக்கு ஒரு மீட்டர் ஒயரிலும் அது இருக்கும் என்று தோன்றாதா?

ஆனால் சீவாளி வாத்தியத்தின் உறுப்பு. அது பாடுகிறது, தன்னுடையதைச் சேர்க்கிறது. பாட்டு முடிந்து, பதிவாகி, வட்டில் அடைந்த பிறகு வருவது ஒயர். அது எதையாவது சேர்த்தால் அது கலப்படம். நல்ல ஒயரின் அடையாளம் அதன் இருப்பே காதில் படாமல் போவதுதான். கேட்காமல் இருப்பதில் கூடுதல், குறைவு என்று தரம் பிரித்து விலை வைப்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காதுக்கும் சில பழக்கங்கள் உண்டு. சத்தம் இம்மி கூடினால் அதைச் சத்தம் என்று அறியாது, தெளிவு என்றே அறியும். ஒயரை மாற்ற எழுந்து திரும்பி உட்காரும்போது தலை நான்கு விரற்கடை நகர்ந்தால், சுவர்களிலிருந்து வரும் எதிரொலிகள் வேறு விதமாகக் கூடும், மேல்சுதிகள் மாறிக் கேட்கும். நாதத்தின் நுண்ணிய நிறத்தைக் காது சில வினாடிகளுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. ஒயர் மாற்ற ஐந்து நிமிடமாகும். இதற்காகத்தான் அமெரிக்காவில் 1970களின் இறுதியில் சிலர் ஒரு பெட்டி செய்தார்கள். எது ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாமல் ஒரு சொடுக்கில் மாற்றிக் கேட்கும் பெட்டி. அதைப் பற்றி டேவிட் கிளார்க் 1982இல் ஒலிப்பொறியியல் ஆய்விதழில் எழுதினார். காதை அவமதிக்கும் கருவி என்று அதைச் சிலர் வெறுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது ரசிகனுக்குப் பழக்கமானதுதானே?

*

இரண்டு மாதம் கழித்து நண்பர் மறுபடி அழைத்தார். இந்தமுறை குரலில் அவசரம் இல்லை. புது ஒயரின் பெருமையை நிரூபிக்க அதை அடையாற்றில் இருக்கும் இன்னொரு ரசிகருக்கு ஒரு வாரம் இரவல் கொடுத்திருந்தார். வேறு வழியின்றிப் பழைய ஒயரை மாட்டிக்கொண்டார்.

"பாடகி நடுவிலேதான் இருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

புது ஒயர் திரும்பி வந்ததும் போனேன். அவர் மகள் எங்களுக்குப் பின்னால் நின்று, எங்கள் கண்ணுக்குப் படாமல், பத்து முறை மாற்றியும் மாற்றாமலும் வைத்தாள். எது ஓடுகிறது என்று ஆளுக்கொரு தாளில் எழுதினோம். அவருக்குப் பத்துக்கு ஆறு, எனக்கு நான்கு. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "காசு சுண்டியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும் அங்கிள்" என்று அவள் காப்பி போடப் போய்விட்டாள்.

ஆனால் முதல் நாள் நாங்கள் கேட்ட வித்தியாசம் பொய்யில்லை. டார்ச் அடித்து ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்திய இரண்டு துளைகளும் உரசி உரசிப் பளபளத்தன. பக்கத்தில் யாரும் தொடாத துளைகள் கருத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தன. ஏழு வருடம் கடற்காற்று குடித்த உலோகம். இடப்பக்கத் தொடர்பு மங்கிப்போய்தான் பாடகி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தார். புது ஒயரைச் செருகிய அந்த ஒரு அழுத்தம் துருவைக் கீறிவிட்டது. பழைய ஒயரை உருவி மறுபடி செருகியிருந்தாலே போதும்.

விளக்கிச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பழைய ஒயரின் முனையைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துண்டோடு வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முனையாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம் தேய்க்கணும்?" என்று கேட்டார்.

"மின்னுற வரைக்கும் சார்" என்றேன்.